பில்லைப் பார்த்து வந்த நெஞ்சுவலி

இரவு 11 மணிக்கு மேல் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிட்டார். ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. யோசிக்கவே இல்லை, காரை எடுத்தேன். இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று இரண்டு மணி நேரம் ஓடியது. கடைசியில் டாக்டர், "ஹார்ட் நல்லா இருக்கும்மா, காஸ்ட்ரிக்தான்" என்றார். போன உயிர் திரும்பி வந்தது.

கவுண்டரில் மறுபடியும் போனது. 1,180 ரிங்கிட். மருத்துவ அட்டையை நீட்டினேன். "வார்டுல சேர்க்கலையே அக்கா, கார்டு யூஸ் பண்ண முடியாது" என்றார் அங்கிருந்த பெண். தினமும் வானொலியில் வாயாடும் எனக்கு அன்று பேச்சே வரவில்லை. கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள்தான் காப்புறுதிப் பத்திரத்தை முதன்முறையாக முழுதாகப் படித்தேன். எட்டு வருடமாகச் சந்தா மட்டும் தவறாமல் போகிறது! நம்மில் பலர் வைத்திருக்கும் அட்டைகள் வார்டில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். விழுந்து அடிபட்டு 24 மணி நேரத்துக்குள் அவசரப் பிரிவுக்குப் போனால் பல நிறுவனங்கள் கொடுக்கும். நெஞ்செரிச்சல், காய்ச்சல், தலைச்சுற்றல் என்று போய், 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டால் பெரும்பாலும் செலவு நம்முடையது.

வார்டில் சேர்ந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நிறுவனத்தின் பேனல் பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால் பொதுவாக உத்தரவாதக் கடிதம் வராது. நாம் முதலில் கட்டிவிட்டு, பிறகு ரசீதோடு கோர வேண்டும். அப்போதும் 'நியாயமான, வழக்கமான கட்டணம்' என்று பத்திரத்தில் உள்ள வரியைக் காட்டிக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் காப்புறுதிப் பட்டியலில் இல்லாத அவசர மருத்துவர்கள் தனியாக பில் அனுப்புவதை 2022 ஜனவரி முதல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இங்கே கதை வேறு. 1998-ஆம் ஆண்டு தனியார் மருத்துவமனைச் சட்டத்தின் கீழ், 2006 விதிமுறைகளின் 13-ஆவது அட்டவணை மருத்துவர்களின் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருந்து, ஊசி, கையுறை, படுக்கை போன்றவற்றுக்கு அப்படி வரம்பு இல்லை. பில் வீங்குவது அங்கேதான்.

அதே சட்டப்படி, சிகிச்சைக்கு முன் உத்தேசச் செலவைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகக் காட்டும் பில்லையும் கேட்கலாம். மூன்றாம் நாள் போய்க் கேட்டேன். கொடுத்தார்கள். இ.சி.ஜி. இரண்டு என்று இருந்தது. எடுத்தது ஒன்று, நான் பக்கத்திலேயே நின்றேன். காட்டியதும் முகம் சுளிக்காமல் கழித்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால்?

காப்புறுதி நிறுவனம் தர மறுத்தால், முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இறுதி பதில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய நிதிச் சந்தைக் குறைகேள் அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.-இடம் ஆறு மாதத்துக்குள் போகலாம். பயனீட்டாளருக்குச் செலவில்லை. அம்மாவின் விஷயத்தில் நான் போகவில்லை. பத்திரத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது, படிக்காதது என் தப்பு.

புதிதாக அட்டை எடுக்கும் இளைஞர்களுக்கு ஒன்று. 2024 செப்டம்பர் முதல், செலவில் ஒரு பங்கை நாமே கட்டும் திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்கிறது பேங்க் நெகாரா. சந்தா குறைவு. ஆனால் அவசர சிகிச்சைக்கு அந்தப் பங்கைப் பிடிக்கக் கூடாது என்பது விதி. முகவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், செர்டாங்கில் சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். "அங்க போனா விடியற வரைக்கும் உட்காரணும்" என்று நாம் ஒதுக்குகிறோம். அப்படிக் காத்திருப்பது பெரும்பாலும் பச்சைப் பிரிவு நோயாளிகள்தான். கடுமையான நெஞ்சுவலியை மஞ்சள் அல்லது சிவப்புப் பிரிவில் முன்னதாகவே பார்ப்பார்கள்.

இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பேனல் மருத்துவமனைகளின் பெயரும், காப்புறுதி நிறுவனத்தின் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணும் ஒட்டியிருக்கின்றன. அம்மா அதன் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'ராத்திரி சம்பால் வேண்டாம்.'