உறங்கிய வண்டியும் கடுகண்ணாவை ஏற்றமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதி மாவனல்லையைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. 1820களில் அவ்வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுந்த கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. பழைய மோட்டார் சைக்கிளுக்கு உயிர் கொடுத்துவிட்டோம் என்று பெருமை பேசுவோர், அந்தக் கோபுரத்தடி வரை அதனை ஏற்றிக் காட்டிய பின்னர் பேசுதல் நன்று.

நம் அயலார் ஒருவர், தம் தந்தையார் ஓட்டிய பி.எஸ்.ஏ. பாண்டம் வண்டியைக் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்தார். பதினெட்டு ஆண்டுகள் விறகோடு விறகாகக் கிடந்தது அது. 125 சி.சி. கொண்ட சிறிய எஞ்சின்தான், குலமோ பெரிது. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனத்தார் ஆக்கிய வடிவம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வென்ற நாடுகளின் கைக்கு வந்தது. 1948இல் இங்கிலாந்தில் அது பாண்டமாயிற்று. அமெரிக்காவின் ஹார்லியும் ரஷ்யரும் அதனைப் பின்பற்றினர். 1955இல் யமஹா செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதே சாயல் கொண்டதே!

இத்தகைய வண்டியைக் கண்டதும் யாருக்கும் கால் துடிக்கும், ஓர் உதை உதைத்துப் பார்க்க. அது கூடாது. நம் மலைநாட்டு ஈரத்தில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கக்கூடும். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு, இரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் கியரில் இட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டிப் பார்க்கலாம். பெற்றோல் தாங்கியின் துருவை நீக்குவதும், காபரேட்டரின் நுண்துளையைத் துப்புரவாக்குவதும் பொறுமையுள்ள எவருக்கும் கைவரும்.

அயலாரின் வண்டி நான்காம் உதையில் முழங்கியது. வீட்டார் கைகொட்டினர், பழகிய மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. "சீல் மாற்றாமல் மேட்டில் ஏற்றாதீர்கள் ஐயா" என்றார்.

மாணவ நேயர்கள் இதன் காரணத்தை அறிதல் வேண்டும். இரண்டடி எஞ்சினில் பெற்றோலும் காற்றும் கலந்த கலவை, முதலில் சுழல்தண்டு இருக்கும் அடிப்பெட்டிக்குள் இழுக்கப்படுகிறது. தண்டின் இருபுறமும் உள்ள எண்ணெய்ச் சீல்கள் நெடுங்காலம் கிடந்து வறண்டால், அவ்வழியே வெளிக்காற்று புகும். கலவையில் பெற்றோல் குறையும். சமதரையில் இது எளிதில் தெரியாது. ஏற்றத்தில் முழுவிசையோடு இழுக்கும்போது பிஸ்டன் மிகச் சூடேறி விரிந்து, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஓடும் சக்கரம் அக்கணமே நிற்கும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும். சீல்களோ விலை குறைந்தவை. அளவைச் சொன்னால் பெயரிங் விற்கும் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை. ஆனால் அவற்றை மாற்ற எஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டும். மினுக்குக்குப் பணம் செலவிடுவோர் தயங்குவது இங்கேதான். பெயின்ற் பூச்சு அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம், சீல் காத்திராது.

அயலார் ஒரு மாதம் பொறுத்து, சீல்களை மாற்றிய பின்னரே மாவனல்லைப் பக்கம் போய் ஏறி வந்தார்.

இறக்கத்துக்கும் ஒரு சொல். கம்பியால் இழுபடும் சிறிய பிறேக்குகளை முதலிலேயே பிரித்துச் செப்பனிட வேண்டும். இவ்வண்டியில் எண்ணெய் பெற்றோலோடு கலந்தே எஞ்சினுக்குப் போகிறது. ஆதலால் அக்சிலேற்றரை முழுதும் மூடி நெடுந்தூரம் இறங்கினால், சுழலும் எஞ்சினுக்கு எண்ணெய் கிட்டாது. பழைய ஓட்டிகள் இறங்கும்போதும் இடையிடையே அதனைச் சற்றுத் திறந்து மூடுவது இதற்காகவே.