லைனில் நிற்கும் பெண்கள் – 7: நிறுத்த வழி உண்டு, தள்ளிப்போட?

வல்லம் வடகாலில் ஆலைப் பெண்களுக்காகச் சிப்காட் கட்டிய விடுதியைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். 2024 ஆகஸ்டில் திறந்தது. 18,720 பேர் தங்கலாம். அங்கே இருபதை ஒட்டிய வயதுப் பெண்களுக்கு வீட்டிலிருந்து வரும் போனில் மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கிவிடும். பிறகு வேலை என்னாகும்?

அதே ஆண்டு ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்திய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. செய்தியில் சொல்லப்பட்ட காரணம் மட்டும் யாருக்கும் புதிதல்ல: கல்யாணம் என்றால் பிள்ளை, பிள்ளை என்றால் லீவு.

பிள்ளை எப்போது என்பதைப் பெண்ணே முடிவு செய்தால்? தாலி ஏறிய மூன்றாம் மாதமே ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்கும் ஊர் இது. நிறுத்துவது மட்டும் நமக்குப் பழக்கம்: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் பக்கக் கணக்கு 0.1 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் சுலபமான ஆபரேஷன்!

வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்ட முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில்தான் கூடியது. கருத்தடைக்கு மற்றவர்கள் தாயின் உடல்நலம், வறுமை, ஜனத்தொகை என்று காரணம் சொன்ன காலத்தில், பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் அந்தச் சுயமரியாதை இயக்கத்தின் பெரியார். 1952-ல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய அரசு மற்றவர்களின் காரணத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஜனத்தொகை குறைய, இரண்டாவது பிள்ளையோடு நிறுத்தினால் போதும். முதல் பிள்ளையை நான்கு வருஷம் தள்ளிப்போட நினைப்பவளின் பேச்சு அந்தக் கணக்கில் வரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி, ‘சாயா’ மாத்திரை, காப்பர் டி எல்லாம் அரசுத் திட்டத்தில் இலவசம். சாயா நம் நாட்டிலேயே, லக்னோவில் கண்டுபிடித்த மருந்து, ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒன்று. ஊசி போட்டால் மாதவிலக்கு தாறுமாறாகலாம், சிலருக்கு நின்றே போகலாம். அதை முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாவிட்டால் பயந்துபோய் இரண்டாவது ஊசிக்கு வரமாட்டார்கள். சொல்ல வேண்டிய நர்ஸம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பது பகலில். ஆலைப் பெண் அப்போது லைனில் நிற்பாள், அல்லது நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குவாள். வாரம் ஒரு மாலை விடுதிக்கே நர்ஸை அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும்.

அவசரக் கருத்தடை மாத்திரை இன்னொரு கூத்து. 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்கிறது மத்திய அரசு விதி. தமிழ்நாட்டுக் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’தான். ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கர்நாடகக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

(தொடரும்)