பற்றுச்சீட்டில் சரியான நேரம்

விற்பனைக் கணக்கை கிளவுட் சேர்வரில் வைத்திருக்கும் வியாபாரிகள் இன்று பலர். கடைகளுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது சேர்வரின் கடிகாரத்தைத்தான். இதில் இரண்டு விடயங்கள் உண்டு.

முதலாவது நேர வலயம். கிளவுட் சேர்வர்கள் பெரும்பாலும் யூ.ரீ.சீ. எனும் சர்வதேச நேரத்தில் இயங்குகின்றன. 2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இதைக் கவனிக்காவிட்டால், 1ஆம் திகதி அதிகாலை 5 மணிக்குப் போடும் பற்றுச்சீட்டு சென்ற மாதக் கணக்கில் விழும். எனவே கணக்கு மென்பொருளில் 'ஆசியா/கொழும்பு' நேரத்தைத் தெரிவு செய்யுங்கள்.

இரண்டாவது, கடிகாரம் முந்துவதும் பிந்துவதும். எந்தக் கணனியின் கடிகாரமும் நாளடைவில் சில செக்கன்களாவது விலகும். 'குரோனி' என்ற இலவச மென்பொருளை சேர்வரில் நிறுவினால், அது நேரச் சேர்வர்களுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். சிறு வித்தியாசங்களை மெதுவாகவே சரிசெய்வதால் பற்றுச்சீட்டுகளின் வரிசை குழம்பாது. அமேசான் சேர்வராயின், அந்நிறுவனம் 2017 முதல் வழங்கும் நேரச் சேவையின் 169.254.169.123 என்ற முகவரியைக் குரோனியில் கொடுக்கலாம். மேலதிகக் கட்டணம் இல்லை.

கொடுக்கல் வாங்கலில் பிணக்கு வந்தால் திகதியும் நேரமும்தான் சாட்சி. உங்கள் சேர்வரைப் பராமரிப்பவரிடம் இவ்விரண்டையும் இன்றே கேட்டுப் பாருங்கள்.