டிக்கன்ஸின் நான்கு இலையுதிர் காலங்கள்

தொடர்கதைக்காக வாரம் முழுக்கக் காத்திருந்த ஒரு தலைமுறை நம்ம வீடுகள்ல உண்டு. 1950ல் கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கின காலத்தில், இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று வீட்டில் சண்டையே நடக்கும்னு பெரியவங்க சொல்லக் கேட்டிருப்பீங்க. அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே, லண்டனில் இதே மாதிரி வாசகர்களைக் காத்திருக்க வைத்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். வாசகர்களோடு அவருக்கு இருந்த உறவைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போறோம். அந்த உறவு அவரை வாழவும் வைத்தது, தேயவும் வைத்தது.

அவர் வாழ்க்கையில் நாலு இலையுதிர் காலங்களை மட்டும் எடுத்துக்கலாம். இங்கிலாந்தில் இலையுதிர் காலம் என்பது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. பகல் குறுகும், அந்தக் காலத்தில் மூடுபனியும் கரிப்புகையும் தெருவை மூடும். ஜனங்க சீக்கிரமே வீட்டுக்குள் வந்து, கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பருவம்.

மாதம் ஒரு ஷில்லிங்

முதலில் அவர் எழுதின முறையைப் புரிஞ்சுக்கணும். டிக்கன்ஸின் பெரும்பாலான பெரிய நாவல்கள் மாதத் தொகுதிகளாக வந்தவை. 32 பக்கம், இரண்டு படங்கள், விலை ஒரு ஷில்லிங். முழு நாவலையும் எழுதி முடித்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கிற வழக்கம் இல்லை. இந்த மாசம் எழுதினது இந்த மாசமே அச்சாகும். காலையில் எழுத்து, மதியத்துக்கு மேல் மைல் கணக்கில் நடை. இதுதான் அவருடைய அன்றாடம்.

இதனால் என்ன ஆகும்? கதை பாதியில் இருக்கும்போதே வாசகர் பதில் சொல்லிவிடுவார். விற்பனை எண்ணிக்கை ஒரு பதில், கடிதம் இன்னொரு பதில். 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' வந்துகொண்டிருந்த 1849ல், உயரம் மிகக் குறைந்த ஒரு பெண் அவருக்குக் கடிதம் எழுதினார். மிஸ் மௌச்சர் என்ற பாத்திரத்தில் தன்னைத்தான் கேலி செய்திருக்கிறார் என்று அவருக்கு மனசு நொந்துபோயிருந்தது. டிக்கன்ஸ் வருத்தம் தெரிவித்துப் பதில் எழுதினார். அதோடு நிற்காமல், பின்னால் வந்த பகுதியில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாகவே மாற்றிவிட்டார். ஒரு வாசகரின் கடிதம் கதையையே திருப்பியிருக்கு பாருங்க.

1843: வாசகர்கள் விலகியபோது

இப்போ முதல் இலையுதிர் காலத்துக்கு வருவோம். 1843ல் டிக்கன்ஸுக்கு 31 வயசு. 'பிக்விக்' மாதம் 40,000 பிரதி வரைக்கும் போயிருந்தது. 'பழம்பொருள் கடை' என்று நாம் சொல்லக்கூடிய 'தி ஓல்ட் க்யூரியாசிட்டி ஷாப்' ஒரு லட்சத்தைத் தொட்டது. ஆனால் அப்போது வந்துகொண்டிருந்த 'மார்ட்டின் சஸில்விட்' ஏறக்குறைய 20,000லேயே நின்றுவிட்டது. மாதம் 200 பவுண்டு கொடுத்துவந்த பதிப்பாளர்கள், விற்பனை குறைந்தால் 50 பவுண்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்கிற ஒப்பந்த விதியை ஞாபகப்படுத்தினார்கள். வீட்டில் ஐந்தாவது குழந்தை பிறக்கப் போகிறது. அப்பா வேறு மகன் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்தச் செப்டம்பரில் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு இலவசப் பள்ளியைப் போய்ப் பார்த்தார். அங்கே கண்ட பிள்ளைகளின் நிலை அவரை விடவில்லை. அக்டோபர் 5ஆம் தேதி மான்செஸ்டரில், உழைக்கும் மக்களின் கல்விக்காக நடந்த கூட்டத்தில் பேசினார். அங்கே இருந்த சமயத்தில்தான் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதை மனசில் முளைத்தது. திரும்பி வந்து, சஸில்விட்டையும் நிறுத்தாமல், ஆறே வாரத்தில் எழுதி முடித்தார். எழுதும்போதே அழுதாராம், சிரித்தாராம். ஊர் தூங்கின பிறகு லண்டன் தெருக்களில் 15, 20 மைல் நடந்தாராம்.

டிசம்பர் 19ஆம் தேதி புத்தகம் வந்தது. சில நாட்களிலேயே 6,000 பிரதிகள் தீர்ந்தன. ஆனால் பணம்? வண்ணப் படம், பொன் விளிம்பு என்று செலவை எல்லாம் அவரே ஏற்றுக்கொண்டு, விலையை ஐந்து ஷில்லிங்கில் வைத்துவிட்டார். ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்தவருக்கு முதல் பதிப்பில் மிஞ்சியது சுமார் 230 பவுண்டு. கைக்கு வந்தது வேறு ஒன்று. முன்பின் தெரியாதவர்கள் தபால் தபாலாக எழுதினார்கள்: இந்தக் கதையை வீட்டில் சத்தமாக வாசிக்கிறோம், தனியாக ஒரு அலமாரித் தட்டில் வைத்திருக்கிறோம் என்று. வாசகர் தன் கதையைச் சத்தமாகத்தான் படிக்கிறார் என்பது அவருக்குள் பதிந்துவிட்டது.

1858: வாசகர்களுக்கு முன்னால்

அப்படியென்றால் நாமே ஏன் வாசித்துக் காட்டக் கூடாது? 1853 டிசம்பரில் பர்மிங்காமில் ஒரு நல்ல காரியத்துக்காக 'கேரல்' கதையைப் பொதுமக்களுக்கு வாசித்தார். தொழிலாளர்களுக்கு என்றே ஒரு இரவை ஒதுக்கினார். டிக்கெட் ஆறு பென்ஸ்தான். காசு வாங்கிக்கொண்டு தனக்காக வாசிக்க ஆரம்பித்தது 1858 ஏப்ரலில். நெருங்கிய நண்பர் ஃபார்ஸ்டருக்கு இதில் சம்மதமே இல்லை. எழுத்தாளன் மேடையேறிக் காசு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார்.

அதே வருஷம் டிக்கன்ஸ் மனைவி கேதரினைப் பிரிந்தார். 22 வருஷக் கல்யாணம், பத்துப் பிள்ளைகள். ஊரெல்லாம் வம்பு பேசியது. ஜூனில் தன் பத்திரிகையிலேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டார். அறிக்கையில் மனைவிக்கு நியாயம் செய்தார் என்று சொல்ல முடியாது. குடும்பக் கதைகளால் வீடு வீடாக நுழைந்த மனிதர் அவர். சொந்த வீடு உடைந்த பிறகு வாசகர்கள் கதவைத் திறப்பார்களா?

ஆகஸ்டு தொடங்கி நவம்பர் பாதி வரை இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து என்று ஊர் ஊராகப் போனார். 80க்கும் மேற்பட்ட வாசிப்புகள். பின்னால் ஒரு திரை, மேலே கேஸ் விளக்கு, முன்னால் ஒரு சின்ன மேஜை, அவ்வளவுதான். அரங்குகள் நிறைந்தன. யார்க் நகரத் தெருவில் ஒரு பெண்மணி அவரை நிறுத்தி, தன் வீட்டை நண்பர்களால் நிரப்பிய கையை ஒரு தடவை தொட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அந்த இலையுதிர் காலத்தில் அவருக்கு வேண்டியிருந்த பதில் அதுதான்.

1860: எரித்த கடிதங்கள்

அடுத்தது கொஞ்சம் விசித்திரமான காட்சி. 1860 செப்டம்பர் தொடக்கத்தில், கேட்ஸ் ஹில் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில், இருபது வருஷமாக வந்து சேர்ந்த கடிதங்களைக் குவித்துக் கொளுத்தினார். பிள்ளைகள் கூடை கூடையாகத் தூக்கி வந்து கொடுத்தார்கள். பிரிவுக்குப் பிறகு தன் அந்தரங்கம் வெளியே போய்விடுமோ என்ற பயம். வாசகர் வேண்டும், ஆனால் அவர்கள் எதுவரைக்கும் உள்ளே வரலாம் என்பதைத் தானே முடிவு செய்யணும் என்கிற பிடிவாதம்.

ஆனால் ஒரே மாசத்தில் வாசகர்களே அவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் சார்லஸ் லீவர் எழுதிய தொடர் எடுபடவில்லை, விற்பனை சரிந்தது. மாதத் தொகுதிகளாக, பெரிதாக எழுத வைத்திருந்த ஒரு கதையை, டிக்கன்ஸ் வாரத் தொடராகச் சுருக்கி இறக்கினார். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய அந்தக் கதைதான் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. விற்பனையும் நிமிர்ந்தது. வாராவாரம் சில பக்கத்துக்குள் கதையை நகர்த்த வேண்டிய நெருக்கடிதான் அதற்கு அந்த இறுக்கத்தைக் கொடுத்தது என்று எனக்குத் தோணுது.

1868: விலை

கடைசியாக 1868. விடைபெறும் வாசிப்புப் பயணம் அக்டோபரில் தொடங்கியது. உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஆனாலும் 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி கொலையாகிற காட்சியை வாசிப்புக்குத் தயார் செய்து, நவம்பரில் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் நடித்துக் காட்டினார். பார்த்தவர்கள் நடுங்கிப்போனார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் கேட்கவில்லை. 1869 ஏப்ரலில் மருத்துவர்கள் பயணத்தை நிறுத்தினார்கள். மறுவருஷத் தொடக்கத்தில் லண்டனில் மட்டும் 12 வாசிப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கும்போது நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 120ஐத் தாண்டியது.

கடைசி வாசிப்பு 1870 மார்ச் 15. ஜூன் 9ஆம் தேதி இறந்துபோனார், வயசு 58. 'எட்வின் ட்ரூட்' பன்னிரண்டு தொகுதிகளாக வரவேண்டியது, ஆறோடு நின்றுவிட்டது. அதற்கு முந்தின நாவல் 1865லேயே முடிந்திருந்தது. நடுவில் இருந்த நாலைந்து வருஷத்தில் பெரும்பகுதியை மேடையும் ரயிலும் தின்றுவிட்டன.

வாசகர்களிடம் போனதால்தான் 'கேரல்' வந்தது, 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' வந்தது. வாசகர்களிடம் போனதால்தான் இன்னொரு நாவல் பாதியில் நின்றது. முதல் மூன்று இலையுதிர் காலங்களிலும் அவர் வாசகர்களுக்காக எழுதினார், அல்லது எழுதினதை வாசித்தார். கடைசியில் எழுத்து ஒதுங்கிப்போய், கைதட்டல் மட்டும் மிஞ்சியது. அந்தக் கோடு எங்கே இருந்தது என்று அவருக்கே தெரிந்திருக்குமா? நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு சொல்லுங்க.