கிளட்சும் கியரும்: இரு வேகங்களை இணக்கும் கலை

மோட்டார் வண்டியை ஓட்டத் தெரிந்தோர் இக்காலத்தில் பலர். அதனை இனிது ஓட்டத் தெரிந்தோர் சிலரே. இவ்விரு திறத்தாருக்குமுள்ள வேற்றுமை வண்டி நேர்வழியில் விரைந்து செல்லும்போது புலப்படுவதன்று. ஒரு கியரினின்று மற்றொரு கியருக்கு மாறும் அந்த ஒரு விநாடியிலேதான் அது வெளிப்படும். அவ்விநாடியில் உடனமர்ந்தோர் தலை முன்னும் பின்னும் ஆடுமாயின், ஓட்டுவோர் இன்னும் மாணாக்கரே எனக் கொள்க. கையினால் கியர் மாற்றும் வண்டிகள் பல நாடுகளில் அருகிவரும் இந்நாளில், அக்கலையின் உட்பொருளைப் பௌதிக சாஸ்திரம் பயிலும் நம் மாணவர் அறிந்துகொள்ளுதல் நலமெனக் கருதி, யாம் கற்றறிந்ததையும் பட்டறிந்ததையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்வி நிமித்தம் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, இருவர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை யாம் விலைக்கு வாங்கினோம். அதனைச் செய்தவர் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. வாங்கிய மூன்றாம் மாதத்தில், இரண்டாம் கியருக்கு மாற்றுந்தோறும் உள்ளே நறநறவென்று ஓசை எழலாயிற்று. நின்ற வண்டியில் முதற்கியர் எளிதில் விழாது. பின்னோக்கிச் செல்லும் கியரோ அழுதுகொண்டே விழும். பட்டறைக்காரர் ஒருவர் வண்டியை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்ப் பெட்டி முழுவதையும் மாற்றவேண்டுமென்றும், அதற்கு யாம் வண்டிக்குக் கொடுத்த விலையிற் பாதி ஆகுமென்றும் தீர்ப்புக் கூறினார். மாணவராயிருந்த எம்மிடம் அத்தொகை ஏது? வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடத் தீர்மானித்திருந்த வேளையில், அண்டை வீட்டில் வாழ்ந்த முதிய மெக்கானிக் ஒருவர், “முதலில் காரணத்தைக் காண்போம், செலவைப் பின்னர்ப் பார்ப்போம்” என்றார். அவர் கண்ட காரணம் யாதென்பதைக் கூறுமுன், அப்பொறிகளின் இயல்பைச் சிறிது விளக்குதல் அவசியமாகின்றது.

எஞ்சின் ஒரு விசித்திரமான வேலைக்காரன். அவன் நின்ற நிலையில் வேலை செய்ய மாட்டான். ஒரு குறித்த வேகத்திற்குக் கீழே சுழலும்படி கட்டாயப்படுத்தினால் உயிரை விட்டுவிடுவான். சக்கரங்களோ பல சமயங்களில் நின்றே இருக்கவேண்டியவை. சுழலும் ஒன்றையும் நிற்கும் ஒன்றையும் திடீரெனப் பிணைத்தால், ஒன்று எஞ்சின் நிற்கவேண்டும், அல்லது வண்டி துள்ளவேண்டும். ஆகவே இரண்டையும் சிறிது சிறிதாக இணக்கிவைக்கும் தரகன் ஒருவன் தேவை. அத்தரகனே கிளட்ச் என்பது.

எஞ்சினின் முனையில் ஃப்ளைவீல் என்னும் கனத்த சக்கரம் உளது. அதற்கெதிரே, கியர்ப் பெட்டிக்குள் செல்லும் தண்டின்மேல் உராய்வுத் தகடு ஒன்று அமைந்துள்ளது. கிண்ணம்போல் வளைந்த ஓர் எஃகு வில், அழுத்தும் தட்டு ஒன்றின் வாயிலாக, இத்தகட்டை ஃப்ளைவீலோடு இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் இடக்காலால் பெடலை மிதிக்கும்போது அவ்வில் தளர்த்தப்பட்டுத் தகடு விடுபடுகின்றது. காலை எடுக்குங்கால் மீண்டும் பற்றுகின்றது. பற்றத் தொடங்கும் அந்த அங்குலத்திற்குள்ளேதான் வித்தையனைத்தும் அடங்கியிருக்கின்றது. அங்கே தகடு வழுக்கியும் உராய்ந்தும் இரு வேகங்களையும் ஒன்றாக்குகின்றது. அவ்வுராய்வினால் வெப்பம் பிறக்கும். வெப்பத்தோடு தேய்மானமும் பிறக்கும். ஆதலின் இவ்வழுக்கல் வேண்டிய அளவு மட்டுமே நிகழவேண்டும். குறைந்தால் வண்டி துள்ளும்; மிகுந்தால் தகடு எரியும்.

நிற்க, கியர்ப் பெட்டியினுள் நிகழ்வது யாது? முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் இக்காலத்து வண்டிகளில் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுழல்கின்றன. நாம் கைப்பிடியை அசைக்கும்போது, வேண்டிய பற்சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் வளையம் ஒன்றே நகர்கின்றது. வளையமும் சக்கரமும் வெவ்வேறு வேகத்திற் சுழன்றால் அவற்றின் பற்கள் மோதும். அம்மோதலே நாம் கேட்கும் நறநறவென்னும் ஓசை. 1928ஆம் ஆண்டுக்கு முன்னர் இம்மோதலைத் தவிர்ப்பது ஓட்டுவோர் பொறுப்பாகவே இருந்தது. அவர் கிளட்சை இருமுறை மிதித்து, இடையே எஞ்சினின் வேகத்தைத் தாமே சரிசெய்ய வேண்டியிருந்தது. அவ்வாண்டில் அமெரிக்காவின் காடிலாக் வண்டிகளில், ஏர்ல் தாம்ஸன் என்பார் கண்டுபிடித்த ஸிங்க்ரோமெஷ் என்னும் அமைப்புத் தோன்றியது. இதில் கூம்பு வடிவமான சிறு வளையம் ஒன்று, பற்கள் சேருமுன் பற்சக்கரத்தை உராய்ந்து பிடித்து அதன் வேகத்தைச் சமப்படுத்துகின்றது. அதாவது, பெரிய கிளட்ச் வெளியே செய்யும் வேலையையே இச்சிறு கிளட்ச் பெட்டிக்குள் செய்கின்றது. ஆனால் அதற்குச் சிறிது காலம் வேண்டும். அக்காலத்தைக் கொடாது கைப்பிடியை வலிந்து தள்ளுவோர் அவ்வளையத்தைத் தேய்க்கின்றார்களேயன்றி நேரத்தை மிச்சம் பிடிக்கின்றார்களல்லர்.

இவ்வேக வேற்றுமை எத்துணை என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அதற்கு யாவரும் அறிந்ததொரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து மாஸ்தா கம்பெனியார் 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் வெளியிட்ட எம்.எக்ஸ்.-5 என்பதே அது. ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடையும், 1.6 லிட்டர் எஞ்சினும், ஐந்து கியர்களும் உடையதாய்த் தோன்றிய அவ்வினம், 2016ஆம் ஆண்டில் பத்து லட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிற்று. குதிரையும் வீரனும் ஓருடலாதல் என்று பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்பதை அதன் ஆக்கியோர் தம் குறிக்கோளாகக் கொண்டனர். அம்முதல் வண்டியில் கியர்களின் விகிதம் முறையே 3.136, 1.888, 1.330, 1.000, 0.814 ஆகும்.

முதற்கியரில் எஞ்சின் நிமிஷத்திற்கு 4,000 சுற்றுச் சுழலும்போது இரண்டாம் கியருக்கு மாற்றுகின்றோம் எனக் கொள்வோம். வண்டியின் வேகம் மாறாதாகையால், எஞ்சினின் வேகம் சுமார் 2,400 சுற்றுக்கு இறங்கியாகவேண்டும். இறங்குமுன் கிளட்சை விட்டால் வண்டி முன்னே பாயும். மிகவும் இறங்கியபின் விட்டால் பின்னிழுக்கும். மறுதலையாக, மூன்றாம் கியரில் 3,000 சுற்றில் செல்லும்போது இரண்டாவதற்கு இறங்க வேண்டின், எஞ்சின் சுமார் 4,260 சுற்றுக்கு ஏறவேண்டும். கிளட்ச் விடுபட்டிருக்கும் நேரத்தில் வலக்காலால் ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை இலேசாகத் தட்டி அவ்வேகத்தை உண்டாக்கினால் மாறியதே தெரியாது. அங்ஙனம் செய்யாவிடின், 1,260 சுற்றின் குறையைக் கிளட்சுத் தகடும் பின் சக்கரங்களும் இட்டு நிரப்பவேண்டும். மெல்ல மாற்றுதல் என்பது கையின் மென்மை மட்டுமன்று. இந்த எண்ணைச் செவியால் அறிதலே அதன் சாரம்.

இனிப் பெடலின் உணர்ச்சியைப் பற்றிச் சில கூறுவோம். இவ்வகை வண்டிகள் பலவற்றில் பெடலுக்கும் கிளட்சுக்கும் இடையே கம்பி இல்லை. குழாயினுள் அடைக்கப்பட்ட திரவமே உள்ளது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியை நம் மாணவர் அறிவர். திரவம் சுருங்காது, ஆகவே காலின் அசைவு குறையாமல் மறுமுனைக்குச் செல்லும். ஆனால் காற்றோ சுருங்கும். குழாயில் ஒரு குமிழி புகுந்தாலும், நம் மிதியில் ஒரு பகுதி அக்குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். பெடல் தரையைத் தொட்டும் தகடு முழுதும் விடுபடாது. அன்றியும், அத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; காலஞ்செல்லச் செல்லக் கறுத்து, உள்ளிருக்கும் உலோகத்தையும் ரப்பரையும் கெடுக்கும்.

எமது முதிய நண்பர் செய்த பரீட்சை இதுவே. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முற்றும் மிதித்து, நான்கு விநாடி பொறுத்து, அதன்பின் பின்னோக்கிச் செல்லும் கியரை இடச் சொன்னார். பழைய பெட்டிகள் பலவற்றில் அந்தக் கியருக்கு ஸிங்க்ரோமெஷ் இல்லை. தகடு நன்கு விடுபட்டிருந்தால், நான்கு விநாடிக்குள் தண்டு ஓய்ந்து நின்றிருக்கவேண்டும். ஓசையின்றிக் கியர் விழவேண்டும். எமது வண்டியிலோ நறநறவென்றது. பின்னர் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் இட்டுப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கின. “நோய் பெட்டியில் இல்லை; கிளட்ச் விடவில்லை” என்றார். ஏதேனும் ஒரு கியர் மட்டும் ஓசையிட்டு, ஏனையவை நலமாயிருப்பின் அந்தக் கியரின் வளையம் தேய்ந்ததெனலாம். எல்லாம் ஒருங்கே அடம் பிடிப்பின் முதலில் கிளட்சையே ஐயுற வேண்டும் என்பது அவர் உரைத்த இலக்கணம்.

குழாயைத் திறந்து பார்க்கவே, கறுத்த திரவமும் அதனுடன் குமிழிகளும் வந்தன. ஒருவர் பெடலை மிதிக்க ஒருவர் திருகைத் திறந்து மூட, புதுத் திரவம் தெளிவாக வரும்வரை இருவரும் அரைமணி நேரம் பாடுபட்டோம். கசிந்த ரப்பர் வளையம் ஒன்றை மாற்றினார். கியர்ப் பெட்டியின் எண்ணெயையும், வண்டியின் கைப்புத்தகம் குறித்த தரத்திலேயே புதிதாக இட்டார். செலவு முழுவதும் எம் ஒரு வாரச் சாப்பாட்டுக்கு ஆகும் தொகைதான். நறநறவென்னும் ஓசை அன்றே ஒழிந்தது.

ஆயினும் வண்டியின் துள்ளல் முற்றும் ஒழியவில்லை. அதற்குக் காரணம் கேட்டபோது, அவர் எம் இடக்காலைச் சுட்டிக் காட்டினார்! யாம் ஓடும்போதெல்லாம் காலைப் பெடலின்மேலேயே வைத்திருந்தோம்; மேட்டில் நிற்கும்போது பிரேக்கைப் பிடியாது கிளட்சை வழுக்கவிட்டே வண்டியை நிறுத்தினோம்; கைப்பிடியை முஷ்டியாற் பற்றி இழுத்தோம். இவை மூன்றும் பொறியைத் தின்னும் பழக்கங்கள். அவர் கற்பித்தவை வருமாறு: பெடலை அடிவரை மிதித்தபின்னும் முழங்கால் சிறிது மடிந்திருக்கும்படி இருக்கையை அமைத்துக்கொள்க. கைப்பிடியை விரித்த உள்ளங்கையால் தள்ளுக. நடுநிலையில் ஒரு கணம் தங்கி, அது தானே உள்ளிழுக்கப்படும்வரை மெல்ல அழுத்துக. மாற்றியபின் கையைக் கைப்பிடியினின்றும், காலைப் பெடலினின்றும் எடுத்துவிடுக. குளிர்ந்த காலையில் எண்ணெய் தடித்திருக்குமாகையால் முதற் சில மைல்கள் பொறுமையாகச் செல்க.

இன்ப உணர்ச்சியை விலைக்கு வாங்க விரும்புவோரும் உளர். கியர்க் கைப்பிடியின் அசைவைக் குறைக்கும் குறுங்கோல் ஒன்றும், எடை குறைந்த ஃப்ளைவீல் ஒன்றும் அவர் பெரிதும் நாடுபவை. நெம்புகோலின் விதியை நினைவுகூர்க. அசைவை நூற்றுக்கு முப்பது குறைத்தால், வேண்டிய விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்கை நெருங்கும். வளையத்திற்கு வேண்டிய காலமோ குறைவதன்று. எடை குறைந்த ஃப்ளைவீலால் எஞ்சின் விரைவில் ஏறும், விரைவில் இறங்கும். கை தேர்ந்தோர்க்கு அது இனிது, கற்போர்க்கு ஒவ்வொரு சந்தியிலும் எஞ்சின் அணையும். எம்.எக்ஸ்.-5 போன்ற வண்டியில் கைப்பிடி பெட்டியின்மேலேயே நேராக ஊன்றியிருக்கின்றது. அதன் அடியிலுள்ள நைலான் கிண்ணத்தையும் கிழிந்த ரப்பர் உறையையும் மாற்றுதலே பல சமயங்களில் இழந்த உணர்ச்சியை மீட்டுத்தரும். ஆகவே புதிய உறுப்புக்கள் கடைசியில் வரவேண்டியவை. திரவமும் எண்ணெயும் பழக்கமும் முதலில் வரவேண்டியவை.

இது வெறும் சுகத்தைப் பற்றிய பேச்சன்று. பின் சக்கரங்களால் உந்தப்படும் வண்டியொன்றை மழை பெய்த வளைவில் கீழ்க் கியருக்கு இறக்கி, எஞ்சினின் வேகத்தை ஏற்றாமலே கிளட்சைச் சட்டென விட்டால், பின் சக்கரங்கள் திடீரெனப் பின்னிழுக்கப்பட்டுப் பிடியிழக்கும், வண்டி சுழலும். மூன்றாம் கியரில் 6,000 சுற்றில் செல்பவர் நான்காவதற்கு மாற்றக் கருதிப் பதற்றத்தால் இரண்டாவதில் இட்டுவிட்டால், எஞ்சின் 8,500 சுற்றுக்கு இழுக்கப்பட்டுச் சிதையக்கூடும். இரண்டிடத்தும் குற்றம் விரைவன்று, பதற்றமே.

அம்முதியவர் இன்றில்லை, அவ்வண்டியும் எம்மிடமில்லை. அப்பட்டறைக்காரர் மாற்றச் சொன்ன பெட்டியோ, யாம் அவ்வண்டியை விற்ற நாள்வரை பின்னும் நான்காண்டுகள் உழைத்தது. பொறி அழும்போது அதனைத் தூக்கியெறியுமுன் அது யாது சொல்கின்றதென்று கேட்கவேண்டும் என்னும் பாடத்தை யாம் கற்றது வகுப்பறையிலன்று, ஒரு பெடலின் அடியில். இனி ஒருநாள் நம் மாணவருள் ஒருவர் அத்தகைய வண்டியில் அமர்ந்து, உடனிருப்போர் அறியாவண்ணம் கியரை மாற்றுவாராயின், பௌதிகப் பாடம் அவர் காலிலும் கையிலும் ஏறிவிட்டதென்று அவர்தம் ஆசிரியர் மகிழலாம்.