மின்னஞ்சல் எரித வடிகட்டியும் தனிமைப்படுத்தப்பட்ட மடல்களும்

எரித வடிகட்டி என்பது நம் முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களை ஆராய்ந்து, வேண்டாதவை என்று கருதுபவற்றை உள்பெட்டியில் சேர்க்காமல் விலக்கி வைக்கும் மென்பொருள் ஆகும். கேட்காமலே மொத்தமாக அனுப்பப்படும் மடல்களை ஆங்கிலத்தில் 'ஸ்பேம்' என்பர். தமிழ் இணையத்தில் 'எரிதம்', 'குப்பை அஞ்சல்' ஆகிய சொற்கள் வழங்குகின்றன. விலக்கப்பட்ட மடல் உடனே அழிக்கப்படுவதில்லை. சில நாட்கள் தனி இடத்தில் காத்திருந்து, அதன் பிறகே நீக்கப்படும். அந்த இடைவெளியில் அதைப் பார்த்து முடிவு செய்யவேண்டியவர் பயனர்தான்.

வரலாறு

1978 மே 3 அன்று அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துர்க், ஆர்பாநெட் வலையமைப்பில் இருந்த சில நூறு பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை அனுப்பினார். முதல் எரித மடலாக இதுவே கருதப்படுகிறது. 'ஸ்பேம்' என்பது ஹார்மல் நிறுவனம் விற்ற டப்பா இறைச்சியின் பெயர். 1970-இல் ஒளிபரப்பான மான்டி பைதான் நகைச்சுவைக் காட்சி ஒன்றில் அச்சொல் மற்ற பேச்சையெல்லாம் மூழ்கடிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதிலிருந்தே இணையத்துக்கு இப்பெயர் வந்தது.

விலக்கிய மடல்களைத் தடுத்து வைப்பதை 'குவாரண்டைன்' என்பர். நோய் பரவாமலிருக்கக் கப்பல்களைத் துறைமுகத்துக்கு வெளியே 40 நாட்கள் நிறுத்தி வைத்த வெனிசு நகர வழக்கத்திலிருந்து பிறந்த சொல் இது. தமிழில் தனிமைப்படுத்தல் எனலாம்.

வடிகட்டி எவ்வாறு முடிவு செய்கிறது?

தொடக்கக் கால வடிகட்டிகள் குறிப்பிட்ட சொல் இருந்தால் தடுக்கும் எளிய விதிகளைக் கொண்டிருந்தன. 2002-இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பின், பேய்சு என்ற 18-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞரின் நிகழ்தகவு முறை பரவலானது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 100 எரித மடல்களில் 40-இல் 'லாட்டரி' என்ற சொல் உள்ளது. 100 நல்ல மடல்களில் ஒன்றில் மட்டுமே உள்ளது. இரு வகை மடல்களும் சம அளவில் வருவதாகக் கொண்டால், அச்சொல் உள்ள 41 மடல்களில் 40 எரிதம். அதாவது, அச்சொல் உள்ள புது மடல் எரிதமாக இருக்கும் நிகழ்தகவு சுமார் 98 விழுக்காடு. மீதி 2 விழுக்காட்டில் ஒரு நல்ல மடல் அகப்பட்டுக்கொள்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பல சொற்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் துல்லியம் கூடும். ஆனால் பிழை முழுவதும் ஒழியாது.

இன்றைய வடிகட்டிகள் அனுப்புநரின் அடையாளத்தையும் பார்க்கின்றன. இதற்கு மூன்று சோதனைகள் உண்டு.

1. எஸ்பிஎஃப்: ஒரு களப்பெயரின் சார்பில் மடல் அனுப்ப எந்தெந்த வழங்கிகளுக்கு உரிமை உண்டு என்ற பட்டியல்.
2. டிகேஐஎம்: மடல் வழியில் மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் மின்முத்திரை.
3. டிமார்க்: மேற்கண்ட சோதனைகளில் தேறாத மடலை ஏற்பதா, தனிமைப்படுத்துவதா, திருப்புவதா என்று களப்பெயர் உரிமையாளர் தெரிவிக்கும் அறிவிப்பு.

இவற்றில் தேறிவிட்டதால் மட்டும் ஒரு மடல் நல்லது ஆகிவிடாது. மோசடிக்காரர் சொந்தமாக ஒரு களப்பெயரை வாங்கி முறையாக அமைத்தால் அவர் மடலும் தேறிவிடும். மடல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இச்சோதனைகள் சொல்லும். அனுப்பியவரின் நோக்கத்தைச் சொல்லா.

இரு வகைப் பிழைகள்: சுவாமிமலைப் பட்டறை

வடிகட்டி இரு வகையில் தவறும். எரிதத்தை உள்ளே விடுவது ஒன்று. நல்ல மடலைத் தடுத்துவிடுவது மற்றொன்று. முதல் பிழை கண்ணில் படும். இரண்டாவது படாது, அதனால் இழப்பும் பெரிது.

தஞ்சாவூர் மாவட்டத்தில் கும்பகோணத்தை அடுத்துள்ள சுவாமிமலையின் வார்ப்புச் சிலைத் தொழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணால் மூடிச் சுட்டு, உருக்கிய உலோகத்தை வார்க்கும் இவ்வூர்ச் சிலைகள் புவிசார் குறியீடு பெற்றவை. 2023-இல் ஜி20 மாநாட்டையொட்டி தில்லி பாரத மண்டபத்தில் நிறுவப்பட்ட நடராசர் சிலையும் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்ததே. வெளிநாட்டுத் தமிழர் கோயில்களிலிருந்தும் இங்கே சிலை கேட்டு வருகிறார்கள்.

அத்தகைய கோயிலின் அறங்காவலர் ஒருவர் பட்டறைக்கு முதன்முறையாக எழுதுகிறார் என்று கொள்வோம். முகவரி புதியது, மடல் வெளிநாட்டிலிருந்து வருகிறது, விலை, முன்பணம், வங்கி விவரம், அவசரம் ஆகிய சொற்கள் உள்ளன, அளவு வரைபடம் இணைப்பாக இருக்கிறது. வடிகட்டியின் கண்ணுக்கு இவை எல்லாமே மோசடி மடலின் அடையாளங்கள். மடல் எரிதப் பெட்டிக்குப் போனால் அனுப்பியவருக்கு எந்த அறிவிப்பும் வராது. பதில் இல்லை என்று அவர் வேறு பட்டறையைத் தேடுவார். ஜிமெயிலில் 30 நாட்கள் கழிந்தால் அம்மடல் தானாகவே அழிந்துவிடும். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டு எழுதுகிறவருக்கும், மாதக்கணக்கில் உழைத்துச் சிலை செய்பவருக்கும் அந்த 30 நாள் பெரிய காலம்.

அதே பெட்டியில் போலிக் கொள்முதல் ஆணைகளும் கிடக்கும் என்பதுதான் சிக்கல். ஆகவே வடிகட்டியை முழுதாக நம்புவதும் தவறு, அதைப் புறக்கணித்து எல்லாவற்றையும் திறப்பதும் தவறு.

ஜிமெயிலில் அமைக்கும் முறை

வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எரிதப் பெட்டியைப் பார்ப்பது முதல் வேலை. இடப்பக்கப் பட்டியலில் 'மோர்' என்பதை அழுத்தினால் 'ஸ்பேம்' தெரியும். சாதாரணத் தேடலில் எரித மடல்கள் வருவதில்லை. தேடல் கட்டத்தின் வலது ஓரக் குறியை அழுத்தி, 'மெயில் அண்ட் ஸ்பேம் அண்ட் ட்ராஷ்' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேடவேண்டும்.

எரிதப் பெட்டியில் ஒரு மடலைத் திறந்தால், அது ஏன் அங்கே வந்தது என்ற காரணம் மேலே காட்டப்படும். நல்ல மடல் என்று உறுதியானால் 'நாட் ஸ்பேம்' பொத்தானை அழுத்தவேண்டும். மடல் உள்பெட்டிக்குத் திரும்பும். வடிகட்டியும் பாடம் கற்கும்.

தொடர்ந்து எழுதும் ஒருவரின் மடல் மீண்டும் மீண்டும் எரிதத்துக்குப் போனால் ஒரு விதி அமைக்கலாம். ஜிமெயில் கைபேசிச் செயலியில் இந்த வசதி இல்லை, கணினியில் செய்யவேண்டும்.

1. தேடல் கட்டத்தின் வலது ஓரக் குறியை அழுத்துக.
2. 'ஃப்ரம்' என்ற இடத்தில் அவருடைய முழு முகவரியை இடுக.
3. 'கிரியேட் ஃபில்டர்' என்பதை அழுத்துக.
4. 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்ற கட்டத்தில் குறியிட்டு, மீண்டும் 'கிரியேட் ஃபில்டர்' என்பதை அழுத்துக.

இரண்டாம் படியில் முழு முகவரிக்குப் பதில் ஜிமெயில் என்ற களப்பெயரை மட்டும் இட்டுவிடக் கூடாது. அப்படிச் செய்தால் ஜிமெயில் முகவரி வைத்திருக்கும் மோசடிக்காரர் அனைவருக்கும் கதவைத் திறந்து வைத்ததாகும்.

உள்பெட்டிக்குள் நுழைந்துவிட்ட எரிதத்தை வெறுமனே அழிக்காமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுப்பது நல்லது. நாமே ஒருகாலத்தில் கேட்டுப் பெற்ற நிறுவனச் செய்திமடல் என்றால் 'அன்சப்ஸ்க்ரைப்' போதும். அறிமுகமில்லாத மோசடி மடலில் உள்ள 'விலகல்' இணைப்பை அழுத்தக் கூடாது. முகவரி உயிருடன் இருப்பதை அது உறுதிப்படுத்திவிடும்.

நிறுவன அஞ்சலில் தனிமைப்படுத்தல்

பள்ளி, கல்லூரி, அலுவலக அஞ்சல்களில் தடுக்கப்பட்ட மடல் பயனரின் பெட்டிக்கே வராமல் வழங்கியில் நிறுத்தப்படலாம். மைக்ரோசாஃப்ட் 365 சேவையில் அமைப்பைப் பொறுத்து 15 அல்லது 30 நாட்கள் இருக்கும்படி வைப்பது வழக்கம். நிர்வாகி அனுமதித்திருந்தால் சாதாரண எரிதத்தைப் பயனரே விடுவிக்கலாம். கடவுச்சொல் திருடும் மடல் என்று உறுதியாகக் கருதப்பட்டதை நிர்வாகி மட்டுமே விடுவிக்கமுடியும். பயனர் கோரிக்கை அனுப்பலாம்.

'உங்களுக்கு வந்த 5 மடல்கள் தடுத்து வைக்கப்பட்டுள்ளன; பார்க்க இங்கே அழுத்தவும்' என்று வரும் அறிவிப்புகளிலும் போலிகள் உண்டு. அந்த இணைப்பு போலி நுழைவுப் பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கடவுச்சொல்லைப் பறிக்கும். அறிவிப்பிலுள்ள இணைப்பை அழுத்தாமல், வழக்கமான முகவரியைத் தாமே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பார்ப்பதே பாதுகாப்பு.

விடுவிக்கும் முன் சரிபார்க்கவேண்டியவை

• பெயரை மட்டும் பார்க்காமல் முழு முகவரியையும் எழுத்துக்கு எழுத்து படிக்கவேண்டும்.
• கணினியில் மடலின் மூன்று புள்ளிப் பட்டியலில் 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறந்தால் மேற்சொன்ன மூன்று சோதனைகளின் முடிவும் தெரியும்.
• மடல் உண்மையானது என்று தெரியும்வரை இணைப்பைத் திறக்கக் கூடாது. சுருக்கக் கோப்பாகவோ இயங்கு கோப்பாகவோ வந்த 'கொள்முதல் ஆணை' மிகவும் ஐயத்துக்குரியது.
• கோயில், நிறுவனம் என்று சொல்பவர்களின் தொலைபேசி எண்ணை மடலிலிருந்து எடுக்காமல், அவர்களுடைய இணையதளத்திலிருந்து எடுத்துப் பேசவேண்டும்.
• 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வரும் மடலை, பழகியவரிடமிருந்து வந்தாலும், பேசி உறுதி செய்யாமல் ஏற்கக் கூடாது.

நாம் அனுப்பும் மடல்

நம் பதிலும் எதிர்முனையில் எரிதமாகலாம். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு மடல் அனுப்பும் ஒவ்வொருவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வைத்திருக்கவேண்டும் என்று கூகுள் விதித்துள்ளது. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். சொந்தக் களப்பெயரில் அஞ்சல் வைத்துள்ள சிறு பட்டறைகள், இணையதளம் அமைத்துக் கொடுத்தவரிடம் இவற்றைச் சரிபார்க்கச் சொல்லவேண்டும். விலைப்பட்டியல் அனுப்பியதும் வாட்ஸ்அப்பிலோ தொலைபேசியிலோ ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது.

சட்டமும் புகாரும்

மின்னஞ்சல் எரிதத்துக்கென இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. தொல்லை தரும் மின்னஞ்சல்களையும் உள்ளடக்கியிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவை, கருத்துரிமைக்கு எதிரானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். விரைவாகத் தெரிவித்தால்தான் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. சான்றாக அந்த மடலை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். அது எரிதப் பெட்டியிலேயே கிடந்தால் 30 நாளில் மறைந்துவிடும் என்பதால், அச்சிட்டோ பதிவிறக்கியோ சேமித்துக்கொள்ளவேண்டும்.