சிகரெட் பொட்டலத்துக்குள் நாடக ராணிகள்… தெரியுமா?

டெக்சாஸின் இர்விங்கிலிருந்து 183-ஆம் நெடுஞ்சாலையில் விமான நிலையம் நோக்கிப் போனால், ஊர் எல்லையை ஒட்டியே ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் தலைமையகம் வரும். 2022 ஆகஸ்டில் அவர்கள் ஒரே ஒரு அட்டையை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் விட்டது தெரியுமா? 1952-இல் வந்த, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் போட்ட அட்டை. உள்ளங்கையில் அடங்கிவிடும்!

இந்த அட்டை மோகத்துக்கு வித்திட்டது சிகரெட்! 1870, 80-களில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது. சட்டைப்பையில் போட்டால் நசுங்கும். அதற்காக உள்ளே ஓர் அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டை எதற்கு, படம் போடலாமே என்று யாருக்கோ தோன்றியது. யார் படம்? மன்னர்கள், கொடிகள், பறவைகள்… எல்லாம் வந்தன. ஆனால் ஆண்கள் அள்ளிக்கொண்டு போனது நாடக நடிகைகளை!

லில்லியன் ரஸ்ஸல், சாரா பெர்னார்ட், லில்லி லாங்ட்ரி என்று அந்தக் காலத்துக் கனவுக்கன்னிகள். பல அட்டைகளில் இருந்தது அச்சுப்படம்கூட இல்லை, அசல் போட்டோ. முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் பிரதி எடுத்து, அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். சிகரெட்டுக்கு இலவச இணைப்பு!

ஏன் இவ்வளவு தாராளம்? கையால் சுற்றினால் நிமிடத்துக்கு நான்கைந்துதான் வரும். ஜேம்ஸ் பான்சாக் என்ற இளைஞர் கண்டுபிடித்த இயந்திரம் 200 சுற்றித் தள்ளியது. அதை வாடகைக்கு எடுத்துப் பொருத்திய சிகரெட் முதலாளி ஜேம்ஸ் டியூக், மலையாய்க் குவிந்த சரக்கை விற்க வேண்டாமா? நடிகைகள் கைகொடுத்தார்கள். ஆனால் வீட்டிலேயே எதிர்ப்பு! ஆபாசப் படங்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன, நிறுத்து என்று 1894-இல் அப்பா வாஷிங்டன் டியூக் மகனுக்குக் கடிதமே எழுதினார். (டியூக் பல்கலைக்கழகம் இந்தக் குடும்பத்தின் பெயரில்தான்.)

லில்லி லாங்ட்ரிக்கு நம்ம டெக்சாஸிலேயே ஒரு வெறியர் இருந்தார் தெரியுமா? ராய் பீன் என்ற நீதிபதி. ரியோ கிராண்டே ஓரம் சாராயக் கடையிலேயே கோர்ட் நடத்தியவர். கடைக்கு லில்லியின் பட்டப்பெயர். அந்த ஊரின் பெயரும் லாங்ட்ரி; அவளுக்காகவே வைத்தது என்று அடித்துச் சொல்வார். உண்மையில் அது ஒரு ரயில்வே எஞ்சினியர் பெயர்! 1903-இல் பீன் செத்துப்போனார். அடுத்த ஆண்டு லில்லி அந்த ஊருக்கு வந்து இறங்கினாள்! பாவம் மனுஷன்.

இந்தியாவிலும் இந்தக் கூத்து உண்டு. அங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக வில்ஸ் கம்பெனி விற்ற ‘சிசர்ஸ்’ சிகரெட்டிலும் நடிகைகள் வந்தார்கள்.

இத்தனையும் குப்பைக்குப் போகாமல் காத்தது ஜெஃபர்சன் பர்டிக். சிராக்யூஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றின் சாதாரணத் தொழிலாளி, விரல்களை முடக்கிய மூட்டுவாதம். அந்தக் கையோடு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் காகிதங்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, தானே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் காலமானார்.

பேஸ்பால் அட்டைக்குக் கோடிகள். தொழிலைத் தூக்கி நிறுத்திய நடிகைகளின் சாதாரண அட்டைகள் இன்றும் சில பத்து டாலருக்கே கிடைக்கின்றன. அநியாயம்தான்! காசே இல்லாமல் பார்க்க வேண்டுமா? மெட்ரோபாலிட்டன் இணையதளத்தில் பர்டிக் பெயரைத் தட்டித் தேடுங்கள்.